வினிகர் குடித்த பீப்பாய்

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஒயின் கீழே, வினிகர் மேலே. நிலவறை என் கொழுந்தன் மிலுதினுக்கு, பரண் எனக்கு. நடுவில் இரண்டு சமையலறை, ஒரு முற்றம், ஒரு கோழிக்கூடு, முப்பது வருடச் சண்டை. என் பெயர் ஸ்மிலியா. எனக்கு வாய் நீளம் என்று ஜூபா மலைச்சரிவு முழுக்கச் சொல்வார்கள். அளந்து பார்த்தவர் யாருமில்லை.

வாய் நீளமோ குட்டையோ, வினிகர் வேண்டுமென்றால் என்னிடம்தான் வந்தாக வேண்டும். ஆப்பிள் வினிகரை முட்டைக்கோஸ் சாலட்டுக்கு வாங்கிப் போவார்கள். தலைக்குக் குளித்த பிள்ளைகள் கடைசிச் செம்புத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டுக்கொள்வார்கள், முடி பளபளக்கும். சிவப்பு ஒயினில் போட்ட வினிகர் சுட்ட குடைமிளகாய்க்கும் பூண்டுக்கும். பிளம் வினிகர் பீன்ஸுக்கு. அதை நான் எல்லோருக்கும் தந்துவிட மாட்டேன். கடையில் வெள்ளையாக ஒன்று விற்கிறார்களே, அதையும் வாங்குவேன், சன்னல் கண்ணாடி துடைக்கவும் கெட்டில் அடியில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்கவும். சாப்பாட்டுப் பக்கம் விட மாட்டேன். என் ஓரகத்தி தேசங்கா அதைத்தான் ஊறுகாய்க்கு ஊற்றுவாள். அவள் ஊறுகாயைத் தின்றால் பல் கூசி மூன்று நாளைக்கு ரொட்டி கடிக்க முடியாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

சட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. வினிகர் தொற்றிக்கொள்ளும். ஒரு சொட்டு, ஒரு ஈயின் கால், துவைக்காத ஒரு துணி போதும். அறுவடை முழுக்கப் புளித்துப்போகும். பரணிலிருந்து இறங்கினால் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலங்கியை மாற்றிக்கொள்ளாமல் நான் நிலவறைப் படியில் கால் வைத்ததில்லை. வினிகர் ஒரு தடவை குடித்த பீப்பாய் அப்புறம் ஒயினுக்கு ஆகாது. கழுவலாம், காய வைக்கலாம், மரம் மறக்காது. எங்கள் ஊரில் பங்காளிச் சண்டை வந்தால் பிளம் மரத்தை வெட்டிப் போடுவார்கள், வேலியை நகர்த்துவார்கள். ஆனால் ஒயின் பீப்பாயில் வினிகர் ஊற்ற மாட்டார்கள். அவ்வளவு கேவலமானவர்கள் எங்களில் கிடையாது. ஒருத்தியைத் தவிர. அது நான்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் புருஷன் ராதிவோய் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. வீட்டில் ஒரு சின்ன ஓக் பீப்பாய் இருந்தது, ஐம்பது லிட்டர் பிடிக்கும், அவர் தன் கையால் செய்தது. நாற்பதாம் நாள் சடங்குக்கு ஊரே வந்திருந்தது. இறந்தவருக்கென்று வேகவைத்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள், தட்டில் பாதி கூடக் காலியாகவில்லை. மிலுதின் என் பக்கத்தில் வந்து குனிந்து, அண்ணனுடைய சின்னப் பீப்பாயைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. மண் காயவில்லை, மனுஷனுக்குப் பீப்பாய் கேட்கிறது என்று நினைத்தேன். பிள்ளை குட்டி இல்லாதவள்தானே, கேட்டால் யார் தடுப்பார்கள் என்றுதானே கேட்கிறான் என்று நினைத்தேன். ராதிவோய்க்கு நான் பெற்றுத் தராத பிள்ளை, வீட்டின் இரண்டு பக்கமும் பேசாமல் விட்ட அத்தனை பேச்சு, எல்லாம் அந்தப் பீப்பாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. தர முடியாது என்று ஒரே சொல்லில் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதோடு விட்டிருக்கலாம். நான் விடுகிற ஜாதியா?

மறுநாள் பட்டப்பகலில், எல்லோரும் தோட்டத்துக்குப் போன பிறகு, பரணிலிருந்து என் சிவப்பு வினிகரில் மூன்று லிட்டர் இறக்கிவந்தேன். மேலே ஆடை கட்டியிருக்குமே, நாங்கள் தாய் என்போம், அதையும் சேர்த்துத்தான். பீப்பாய்க்குள் ஊற்றி அடைத்து, முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டினேன். மூன்று நாள் அப்படியே ஊறவிட்டேன். பிறகு கொட்டி, சோடா போட்ட வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, என் கொட்டகையில் ஏற்றிப் பூட்டிவிட்டேன். வெளியிலிருந்து முகர்ந்தால் வெறும் மரவாசனை. இனி ராதிவோயின் பீப்பாயில் எவனும் ஒயின் குடிக்க மாட்டான் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வருடம் கழித்து வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் கழித்து மறந்தே போய்விட்டது.

மிலுதினுக்கு ஒரே பெண், கலினா. பெற்றது தேசங்கா, வளர்ந்தது பாதி என் பரணில். காய்ச்சல் வந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, காலுறையை நனைத்துப் பிழிந்து அவள் காலில் மாட்டிவிடுவேன். காலைப் பார்த்துக்கொண்டே ‘பெரியம்மா, நான் ஊறுகாயா’ என்று கேட்பாள். குளவி கொட்டினால் என்னிடம், ஈஸ்டருக்கு முட்டைக்குச் சாயம் ஏற்ற வேண்டுமென்றால் என்னிடம். சாயத்தில் இரண்டு கரண்டி வினிகர் விட்டால்தான் ஓட்டில் நிறம் பிடிக்கும். அவள் பிறந்த வருடம் எங்கள் பக்கத்து வழக்கப்படி மேட்டுத் தோட்டத்தில் அவள் பேருக்கு ஒரு வரிசை திராட்சைக் கொடி நட்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், அந்த வரிசைப் பழத்தைத் தனியாகப் பறித்துத் தனிப் பீப்பாயில் ஒயின் போடுவார்கள். அதை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பிப்ரவரியில் திரிஃபுன் புனிதர் நாளன்று கொடி கவாத்து செய்யும்போது, சம்பந்தி வீட்டார் முன்னால் பெண்ணே முதல் கூஜாவைப் பிடித்து வர வேண்டும். முதல் கிண்ணம் கொடியின் வேருக்கு, இரண்டாவது மாமியாருக்கு.

ஒயின் நன்றாக இருந்தால் யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள். புளித்திருந்தால் பேசுவார்கள். நான் மணமாகி வந்த புதிதில் கீழ்த்தெரு ஸ்தானாவின் பீப்பாய் புளித்துப்போனது. மாப்பிள்ளை வீட்டார் கோட்டைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்கள். ஸ்தானா வியன்னாவுக்குப் போய் அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டைத் துடைத்தே கிழவியானாள்.

போன வருடம் கலினாவுக்கு நிச்சயமானது. பையன் ஸ்ரேதென், ஆற்றுக்கு அந்தப் பக்கம், பேருந்து பழுது பார்ப்பவன், தங்கமான பிள்ளை. அவன் அம்மா பெர்சிதாதான் வேறு மாதிரி. தபால் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். சகுனம் பார்க்காமல் தும்ம மாட்டாள். நிச்சயத்துக்குப் புறப்பட்ட அன்று சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது என்று ஒரு வாரம் தள்ளிப் போட்டவள். வந்தவள் எங்கள் எல்லோர் முன்னாலும், பெண் எப்படி என்று அவள் ஒயினைக் குடித்துப் பார்த்துத்தான் சொல்வேன் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தேசங்கா மட்டும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் க்ருஷெவாட்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கோழிக்குத் தீனி போடவும் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் சாவிக் கொத்தைத் தேசங்காவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து ஊன்றுகோலோடு கொட்டகைக் கதவைத் திறந்தால், மூலையில் வட்டமாகத் தூசியில்லாத ஒரு இடம். ஊன்றுகோலோடே தேசங்காவின் சமையலறைக்குப் போனேன்.

தேசங்காதான் பெருமையாகச் சொன்னாள். அந்த வருடம் விளைச்சல் அதிகம், மிலுதினிடம் இருந்த பீப்பாயெல்லாம் நிரம்பிவிட்டது. கலினா வரிசைக்கு எதுவுமில்லை. அப்போது அவன் கொட்டகையைப் பார்த்திருக்கிறான். பெரியப்பா செய்த பீப்பாயில் கலினாவின் ஒயின், இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும் என்று எடுத்து நிரப்பிவிட்டார்கள். முகர்ந்து பார்க்கவில்லையா என்று கேட்டேன். அறுவடை வாரம் முழுக்க அவருக்கு ஜலதோஷம், அதுவுமில்லாமல் நம்ம வீட்டு ஒயின் பீப்பாயை எதற்கு முகர வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அப்போது நிரப்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றிக் காப்பாற்றியிருக்கலாம். அதை நான் எந்தச் சாக்கும் சொல்லாமல் ஒத்துக்கொள்கிறேன். சொல்லத்தான் போனேன். நிலவறை வாசலில் மிலுதின் நின்றிருந்தான். நான் வாயைத் திறக்கும் முன் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி, கேக்காம எடுத்துட்டேன். நீங்க கத்துவீங்கன்னு தேசங்கா பயந்தா. நான் சொன்னேன், அன்னிக்குத் துக்கத்துல குடுக்கல, கலினாவுக்குன்னா குடுப்பாங்கன்னு. உங்க மனசு எனக்குத் தெரியாதா?”

இப்படி ஒருத்தன் சொன்ன பிறகு என்னத்தைச் சொல்வது? என் மனசை அவன் சொன்ன மாதிரி யாருமே சொன்னதில்லை. அது பொய் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அதனால் உண்மையைச் சொல்லாமல் சுற்றி வளைத்தேன். பீப்பாயின் இரும்பு வளையம் தளர்ந்திருக்கிறது, ஒழுகும், வேறெதிலாவது மாற்றிவிடு என்றேன். மறுநாளே வளையங்களைத் தட்டி இறுக்கிவிட்டு வந்தான். மரத்தில் பூச்சி இருக்குமே என்றேன். விளக்கைப் பிடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, ஒரு ஓட்டை இல்லை, அண்ணன் வேலை என்றால் வேலைதான் என்றான். ஐம்பது லிட்டர் எதற்கு, சின்னக் குடுவையில் ஊற்றிப் பெண் கையில் கொடுத்தால் அழகாக இருக்குமே என்றேன். அதற்கு தேசங்கா, அக்கா, முழங்காலுக்குக் குடுத்த மயக்க மருந்து இன்னும் தெளியலையா என்று கேட்டாள். பொய்க்குக் கால் இல்லை. எனக்கோ ஒரு கால்தான். இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

டிசம்பரில் ஒரு நாள் தேசங்காவிடமாவது சொல்லிவிடுவது என்று அவள் சமையலறைக்குப் போனேன். மேசை நிறைய வெள்ளைத் துணி, கலினாவின் படுக்கை விரிப்புக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்ததும் ஊசியை வைத்துவிட்டு, அக்கா, அந்த அம்மா கண்ணைப் பார்த்தீங்களா, என் பொண்ண எடைபோடுற மாதிரியே பாக்குறா, ஒயின் மட்டும் நல்லா வந்துட்டா நான் மலை மேல இருக்கிற மடத்துக்கு நடந்தே போறேன்னு வேண்டிக்கிட்டேன் என்றாள். எங்களுக்குள் ஆயிரம் இருக்கட்டும், அவள் என்னிடம் இப்படி ஒன்றைச் சொன்னதே இல்லை. நான் அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதே ஒயின் போயிருக்கும், இனிமேல் சொல்லி என்ன பயன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

திரிஃபுன் நாள் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்றரை வாரம். முதல் நாள் வீட்டுச் சன்னலெல்லாம் வெள்ளை வினிகர் போட்டுத் துடைத்தேன். காலையில் மேட்டுத் தோட்டத்தில் கணுக்கால் வரை பனி. பெர்சிதா கறுப்புக் கோட்டும் நல்ல தோல் காலணியுமாக வந்து, பனியில் கால் வழுக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். ஸ்ரேதென் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். பாதிரியார் வந்து ஆசீர்வதித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். மிலுதின் கலினாவின் வரிசையில் முதல் கொடியை எடுத்து மூன்று கிளையைக் கவாத்துக் கத்தரியால் வெட்டினான். பிறகு கலினாவைப் பார்த்து, போய் எடுத்து வா என்றான். பெண் தனியாகத்தான் நிலவறைக்குப் போக வேண்டும்.

அவள் சரிவில் இறங்கிப் போனாள். நாங்கள் காத்திருந்தோம். பெர்சிதா ஒரு காக்கையைப் பார்த்துவிட்டு அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று கவனித்தாள்.

கலினா கூஜாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மேலே வந்தாள். பூவேலை செய்த துணியால் வாயை மூடியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. குளிரில் வாசனை எழும்பவில்லை, ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் என் பரணில் வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாமலா இருக்கும்? அடைப்பானைத் திறந்த உடனே தெரிந்திருக்கும். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் பார்ப்பாள்: பெரியம்மா, நான் என்ன தப்பு செய்தேன் என்று.

தன் தலையெழுத்து என்று நினைத்துவிட்டாள், பாவிப் பெண். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் முதல் கிண்ணத்தை நிரப்பி, கொடியின் வேரை நோக்கிச் சாய்த்தாள். முற்றத்துக் கல்லிடுக்கில் முளைக்கும் புல்லை நான் வினிகர் ஊற்றித்தான் கருக்குகிறேன். ஒரு கிண்ணத்துக்கு இருபத்தாறு வருடக் கொடி சாகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் பேருக்கு நட்ட கொடியில் அவள் கையாலேயே அதை ஊற்ற என்னால் விட முடியவில்லை. ஊன்றுகோலைப் போட்டுவிட்டுப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“ஊத்தாதடி. அது ஒயின் இல்ல, வினிகர்.”

பெர்சிதாவின் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. மிலுதின் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போனது. பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தான். நீ முட்டைக்கோஸ் ஊறல் கையோடு கீழே போனாயா என்று மெதுவாகக் கேட்டான். தேசங்கா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். வீட்டில் ஒயின் கெட்டால் எங்கள் ஊரில் முதலில் பெண்டாட்டியைத்தான் பார்ப்பார்கள். இருபத்தொன்பது வருடமாக அவள் ஊறுகாயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் குறைக்கு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“அவள ஏன் பாக்குற? என்னப் பாரு,” என்றேன். “நான்தான் ஊத்தினேன். அண்ணன் நாப்பதாம் நாளுக்கு மறுநாள், அந்தப் பீப்பாய்ல மூணு லிட்டர் வினிகர ஊத்தி உருட்டினேன். நீ அதுல ஒயின் குடிக்கக் கூடாதுன்னு. வேற யாரும் கூடாதுன்னு. அக்டோபர்ல நீ எடுத்துட்டன்னு தெரிஞ்ச அன்னிக்காவது சொல்லியிருக்கணும். வாய் வரல. பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, கொடி மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் என் மேலதான்.”

தேசங்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை. கலினா மட்டும் என் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நின்றாள்.

மிலுதின் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் பேசியபோது அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில்தான் பேசினான்.

“அன்னிக்கு நான் பீப்பாய ஒயினுக்குக் கேக்கல அண்ணி. அந்தப் பலகையெல்லாம் அண்ணன் சீவினது, நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். எனக்கு அப்போ பதினாலு வயசு. கீழ கொண்டுபோய் வெச்சு, அது பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரலாம்னு பார்த்தேன். நீங்க உங்க ரூம்ல அழுதீங்க. எனக்கு அழ எங்க எடம் இருந்துச்சு?”

ஐந்து வருடம். ஒரே முற்றத்தில், ஒரே கோழிக்கூட்டின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு, துக்கம் எனக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அவன் தம்பியாயிற்றே என்று ஒரு நாள் கூட எனக்குத் தோன்றவில்லை. அப்படியே அந்தப் பனியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார், மடங்கியது.

மிலுதின் கிண்ணத்தைக் கொடிக்கு எட்டாத இடத்தில் சாய்த்துச் சில சொட்டுகளைப் பனியில் விட்டான். செத்தவர்களுக்கு அப்படித்தான் விடுவோம். பனியில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. “அண்ணனுக்கு,” என்றான். மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தான், முழுக் கிண்ணத்தையும், முகம் கோணாமல். கண்ணில் தண்ணீர் வந்தது. அது புளிப்பாலா என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை.

அப்புறம் எல்லோரும் பெர்சிதாவைப் பார்த்தோம். பார்க்காமல் எப்படி? என் பெண்ணின் வாழ்க்கை அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. ஸ்ரேதென் அவள் முழங்கையை விட்டுவிட்டு வந்து கலினாவின் பக்கத்தில் நின்றான். பெர்சிதா மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். இரண்டாவது கிண்ணம் தனக்குத்தானே சேர வேண்டும் என்றாள்.

கலினா ஊற்றிக் கொடுத்தாள். பாதி துணியில் சிந்தியது. பெர்சிதா ஒரு வாய் எடுத்தாள், கண்ணை மூடினாள், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. விழுங்கிவிட்டு இன்னொரு வாயும் எடுத்தாள்.

“ஒயின் பத்தி எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்ல பீர்தான்,” என்றாள். “வினிகர் தெரியும். முப்பது வருஷம் வீடு வீடா தபால் குடுத்தவ நான், எல்லா வீட்டு அடுப்படிலயும் உக்காந்து சாப்பிட்டிருக்கேன். கெட்ட பழத்துல நல்ல வினிகர் வராது. இது நல்ல வினிகர். பொண்ணு நல்ல பொண்ணுதான்.” பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். “நீங்க எந்திரிங்க சம்பந்தி. குளிர் முழங்கால்ல ஏறிடும்.”

தேசங்காதான் என்னைத் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்ட கையோடு தள்ளியும் விட்டாள், மறுபடி விழாத அளவுக்கு. அடுத்த ஒன்றரை வாரம் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்தன்று விடிந்ததும் என் கதவைத் தட்டினாள். இருநூறு பேருக்கு முட்டைக்கோஸ் சாலட், கடை வினிகர் போடவா வேண்டாமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். கலினாவின் வினிகரைப் போட்டோம். அன்றைக்கு ஒயினைப் பற்றி யாரும் பேசவில்லை. சாலட் எப்படிச் செய்தது என்று கேட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் சமையல்கட்டில் வந்து நின்றார்கள். தேசங்கா தான் செய்ததாகச் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு மலை மேல் மடத்துக்கு நடக்கிற வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. ஒயின் நன்றாக வரவில்லையே என்று நான் எடுத்துச் சொன்னேன். பெண் நன்றாகப் போய்ச் சேர்ந்தாளே, கணக்கு ஒன்றுதான் என்றாள்.

போகும்போது கலினா ஒரு குடுவை வினிகரும் அதில் மிதக்கிற தாயும் எடுத்துப் போனாள். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, மாமியாருக்குக் காய்ச்சல், காலுறைக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டாள். சரிபாதி என்றேன். மாமியாரிடம் நீ ஊறுகாய் என்று மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

மிலுதினும் நானும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. இந்த அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் முற்றத்தில் கடகடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவன் ராதிவோயின் பீப்பாயைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறான். உள்ளே புது ஒயின், கலினாவின் வரிசையிலிருந்து. கொட்டகையில் பழைய மூலையிலேயே இறக்கிவைத்தான். வினிகர் போடுங்க அண்ணி, இது இனிமே அதுக்குத்தான் என்றான். நான் பரணிலிருந்து ஒரு துண்டு தாயை எடுத்து வந்து உள்ளே விட்டேன். அவன் கொட்டகை ஓரமாக இருந்த பால் கறக்கும் முக்காலியைப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனேன்.

கொட்டகைச் சாவியை இப்போது நான் கதவிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.